தோப்பில் நிற்கும் மரக் கொட்டகைக்கு பெயிண்ட் அடிப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மாந்தோப்புகளிலும் வீட்டுப் பின்புறங்களிலும் சின்னச் சின்ன மரக் கொட்டகைகள் இப்போது நிறையவே கண்ணில் படுகின்றன. மருந்து அடிக்கும் மிஷின், சொட்டுநீர் ட்யூப், மண்வெட்டி, கடப்பாரை, மாங்காய் கிரேட் என்று எல்லாவற்றையும் போட்டுப் பூட்ட ஓர் இடம். கட்டும்போது அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் பலகை கறுத்து, கீழ் ஓரம் ஊறி, கதவு மூட மாட்டேன் என்று நிற்கும். அப்போது ஒரு டின் பெயிண்ட் வாங்கி வந்து மேலோடு மேலாக அடிப்பார்கள். அடுத்த ஆடிக்குள் அது செதில் செதிலாக உரிந்துவிடும்.

இதில் பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. மரத்துக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் அடித்ததுதான் காரணம். பலகையின் அகலமான முகம் வழியாக உள்ளே போகும் தண்ணீர் கொஞ்சம்தான். பலகையை அறுத்த முனை, தரையை ஒட்டிய கீழ் விளிம்பு, ஆணித் துளை, இரண்டு பலகை சேரும் இடுக்கு, இந்த நான்கும்தான் வாசல்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடங்கள் என்பதால் பெரும்பாலும் இவற்றில் பிரஷ்ஷே படுவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்பேன்.

எந்த மாதம் நல்லது

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் நனைந்த மரம் மார்கழி வரை ஈரத்தை விடாது. அதனால் தை பாதியில் ஆரம்பித்து பங்குனிக்குள் முடித்துவிடுவதுதான் சரியான கணக்கு. சித்திரை வந்துவிட்டால் மத்தியான வெயிலில் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே இறுகும். சாயங்காலம் கோடை மழை காற்றோடு வந்து ஈரப் பெயிண்டில் மண்ணை அள்ளி அப்பும்.

மாமரத்துக்குக் கீழே கொட்டகை இருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தையிலும் மாசியிலும் மா பூத்திருக்கும். பூங்கொத்தில் தத்துப்பூச்சி இருந்தால் அது கழிக்கும் இனிப்பான பிசின் தூறல் மாதிரி கீழே விழுந்துகொண்டே இருக்கும். கொட்டகைக் கூரையிலும் பலகையிலும் கையை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து, அடுப்புக்கரி பூசியது போல ஆகிவிடும். அந்த நேரத்தில் பெயிண்ட் அடித்தால் பூவும் பிசினும் பூச்சியும் ஈரத்தில் ஒட்டிக் காய்ந்துவிடும். மரத்தடிக் கொட்டகை என்றால் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும்வரை பொறுங்கள். பழுது பார்ப்பது போன்ற வேலைகளைத் தையிலேயே முடித்துவைத்து, கழுவித் தேய்ப்பதையும் பெயிண்டையும் மட்டும் பங்குனிக்குத் தள்ளலாம். திறந்த வெளியில் நிற்கும் கொட்டகைக்கு இந்தக் கவலை இல்லை.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் பனியையும் கணக்கில் வைக்க வேண்டும். தை மாதக் காலையில் பலகை மேல் பனி ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். பத்து மணிக்கு முன்னால் பிரஷ் எடுக்காதீர்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேலும் வேண்டாம், இரவுப் பனி இறங்குவதற்குள் மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும்.

என்ன மரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பக்கம் கொட்டகை மரம் பெரும்பாலும் நான்கு வகை. பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு, வேம்பு. தைலமரம் அல்லது சில்வர் ஓக் பலகை. காய்ப்பு நின்றதால் வெட்டிய மாமரத்தை அறுத்த பலகை. நான்காவது, ஓசூர் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வந்து இறங்கிய பைன் மரத் தட்டுகள், அதாவது பேலட். பழைய சாமான் கடைகளில் பிரித்த பலகையாகவே கிடைக்கும்.

வைரம் பாய்ந்த தேக்கும் வேம்பும் கரையானை ஓரளவு தாங்கும். மாம்பலகை அப்படியில்லை. மலிவு என்பதைத் தவிர வெளியில் வைக்க அதற்குத் தகுதி குறைவு. பூசணமும் உளுப்பும் அதைத்தான் முதலில் தேடி வரும். மாம்பலகைக் கொட்டகை என்றால் பெயிண்ட் அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள், அதுதான் அதன் ஆயுள்.

பேலட் பலகையில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த தட்டு என்றால் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரையும், பக்கத்தில் எச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்துகளும் சூடு போட்டிருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியை எட்டி 30 நிமிடம் அப்படியே இருக்கும்படி சூடுபடுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை காட்டியது. நான் எம்.பி. பலகையை எடுப்பதில்லை, தேய்ப்பதும் அறுப்பதும் நாம்தானே. எச்.டி. என்று இருந்தால் கரையான் பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள். அது தவறு. சூடு அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றது, அவ்வளவுதான். நாளைக்கு வரும் கரையானுக்கு அந்தப் பலகை வெறும் பைன் மரம்தான்.

காலி செய்து, குத்திப் பாருங்கள்

கொட்டகையில் உள்ளதை எல்லாம் வெளியே எடுங்கள். கையை உள்ளே விடும் முன் டார்ச் அடித்து, நீளக் குச்சியால் தட்டிப் பாருங்கள். பழைய சாக்குக்கும் ட்யூப் சுருளுக்கும் அடியில் தேளும் விரியனும் இருப்பது நம் ஊரில் அதிசயம் இல்லை. கூரை மூலையில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பலகையின் கீழ் முனையிலும், சட்டத்தின் அடியிலும், கதவு நிலையின் பாதத்திலும் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது, லேசாகத் தடம் மட்டும் விழும். மக்கிய மரத்தில் அரை அங்குலம் சத்தமில்லாமல் இறங்கும். நெம்பினால் நல்ல மரம் நார் நாராகப் பிளக்கும், மக்கியது துண்டு துண்டாக உடைந்து வரும். அப்படி வந்த இடத்தை லப்பம் (துளை அடைக்கும் பசை) வைத்து மூடாதீர்கள். நல்ல மரம் வரும்வரை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போட வேண்டும். ஆசாரியைக் கூப்பிடுவது என்றால் இந்தக் கட்டத்தில்தான் கூப்பிட வேண்டும். பெயிண்ட் அடித்து முடித்தபின் வந்தால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் நஷ்டம்.

பலகைக்குக் கீழே மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உளு. குண்டூசித் தலை அளவுத் துளைகள் தெரியும். ஒன்றிரண்டு பலகையில் மட்டும் இருந்தால், ஊசி போடும் சிரிஞ்சில் மரப் பாதுகாப்பு மருந்தை எடுத்து ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, காய்ந்தபின் அடைக்கலாம். பலகை முழுக்கத் துளை என்றால் அதைக் கழற்றி விறகுக்குப் போடுவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. சில தோப்புகளில் கரையானுக்கு என்று வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை மரத்தில் பூசியிருப்பார்கள். ஆயில் குடித்த மரத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது. மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்கும் போகும். அப்படிப்பட்ட பலகைகளை மாற்றிவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள். இன்னும் பூசவில்லை என்றால் தயவுசெய்து பூசாதீர்கள்.

காலும் கூரையும்

மரக்கால் நேரடியாக மண்ணில் நட்டிருந்தால், எந்தப் பெயிண்டும் அதைக் காப்பாற்றாது. நம் ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கிரானைட் பூமி. வேலிக்கே கல் கம்பம் நடும் ஊர் இது. உடைந்த கல் கம்பத் துண்டுகள் மலிவாகவே கிடைக்கும். ஜாக்கி வைத்துக் கொட்டகையை மூலை மூலையாகத் தூக்கி, காலுக்கு அடியில் தரையிலிருந்து முக்கால் அடியாவது உயரம் வரும்படி கல் வைத்துவிடுங்கள். கரையான் கல்லையும் தாண்டும், ஆனால் மண் குழாய் கட்டித்தான் தாண்டியாக வேண்டும். அந்தக் குழாய் கல் மேல் பளிச்சென்று தெரியும். வாரம் ஒருமுறை பார்த்துக் குச்சியால் தட்டிவிடலாம். கரையான் மருந்து மண்ணில் ஊற்றுவது என்றால் லேபிளில் போட்ட அளவுக்கு மேல் வேண்டாம், கிணற்றுக்கும் போருக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கூரைத் தகடு பலகையைத் தாண்டி ஒரு அடி வெளியே நீட்டியிருந்தால் பாதி மழை பலகையைத் தொடாது. நீட்டல் இல்லை என்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள். தகட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் விழும் இடத்தில் முக்கால் அங்குல ஜல்லி பரப்புங்கள். செம்மண்ணில் விழுந்து தெறிக்கும் தண்ணீர்தான் கீழ் இரண்டு பலகையைச் சிவப்பாக்கி ஊறவைக்கிறது. ஜல்லி போட்டால் தெறிப்பது அடங்கும்.

கழுவுவது, சுரண்டுவது, தேய்ப்பது

கரும்பூசணமும் பாசியும் பிடித்த இடத்தை முதலில் சோப்புத்தூள் கரைசலும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். அதற்கும் போகாத பச்சைப் பாசிக்கு பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் பூசி, பத்து பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவலாம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வேறு எந்தக் கழுவும் மருந்தையோ சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். கையுறை கட்டாயம்.

தருமபுரி பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கழுவிக் காய்ந்ததும் பலகையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அந்த உப்பு மேல்தான் பெயிண்ட் உட்காரும், மரத்தின் மேல் உட்காராது. கடைசிக் கழுவல் மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். ஒகேனக்கல் குடிநீர் வரும் ஊர் என்றால் அதில் இரண்டு குடம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

கழுவியபின் நான்கைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் கிடைத்தால் முனையைப் பலகையின் கீழ் ஓரத்தில் குத்திப் பாருங்கள், 15 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அடிக்கலாம். மீட்டர் இல்லை என்றால் பொறுமைதான் மீட்டர்.

பழைய பெயிண்ட் இருந்தால் அது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பிளேடால் பெயிண்டில் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் கீறி, அதன் மேல் செல்லோ டேப் ஒட்டி, வெடுக்கென்று பிய்த்து எடுங்கள். டேப்போடு கட்டம் கட்டமாக வந்தால் அந்தப் பக்கம் முழுதும் சுரண்டித்தான் ஆக வேண்டும். வரவில்லை என்றால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும், அடிவரை போக வேண்டியதில்லை.

பெயிண்ட் பழையது என்றால் ஈயம் பற்றி யோசியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு இனாமல்களில் (எண்ணெய் பெயிண்ட்) ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தீ காட்டி எரிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, கீழே தார்ப்பாய் விரித்துச் செதிலைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். சாதாரணத் துணியை மூக்கில் கட்டினால் போதாது, நல்ல தூசி மாஸ்க் போடுங்கள். குழந்தைகளும் ஆடு, மாடு, கோழியும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பெயிண்டே அடிக்காமல் வெயிலில் கிடந்து சாம்பல் நிறமான பலகையை அப்படியே நம்பாதீர்கள். அந்தச் சாம்பல் நிறம் வெயில் தின்ற மர நார். விரலால் தேய்த்தாலே பஞ்சு போல வரும். பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும் பலம் அதற்குக் கிடையாது. 80-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துப் பழைய நிறம் வரும்வரை போங்கள். பிறகு 120-ஆம் நம்பரில் ஒருமுறை. வெளிக் கொட்டகைக்கு அதற்கு மேல் வழுவழுப்பு தேவையில்லை, கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் பெயிண்ட் பிடிக்கும். பலகையின் கூரான ஓரங்களை உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிடுங்கள். கூர் விளிம்பில் பெயிண்ட் மெல்லியதாக நின்று முதலில் அங்கேதான் வெடிக்கும்.

தேய்த்து முடித்தபின் தூசியைத் துடைத்து, சில துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் மரம் தயார். முத்து முத்தாக உருண்டு நின்றால் இன்னும் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. அந்த இடத்தை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி தேயுங்கள்.

சுத்தம் செய்த பலகையை மாதக்கணக்கில் வெயிலில் விடக் கூடாது, திரும்பச் சாம்பல் நிறம் ஏறிவிடும். தேய்த்த வாரத்திலேயே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, பட்டுவிட வேண்டும்.

கணு, ஆணி, அறுத்த முனை

பைன் பலகையில் கணுக்கள் அதிகம். வெயில் ஏறும்போது கணுவிலிருந்து பிசின் கசிந்து பெயிண்டைத் தள்ளிக்கொண்டு மஞ்சளாக வெளியே வரும். கசிந்திருக்கும் பிசினைச் சுரண்டி, டர்பன்டைனில் துடைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கணு மேலும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கும் இரண்டு முறை பூசுங்கள். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

துருப்பிடித்த ஆணித்தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு பொட்டு ரெட் ஆக்சைடு (இரும்புக்குத் துரு தடுக்கும் பிரைமர்) வையுங்கள். ஆடும் ஆணியைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், துளை பெரிதாகி அங்கேயே தண்ணீர் இறங்கும். அதைப் பிடுங்கிவிட்டுத் துத்தநாகப் பூச்சுள்ள திருகாணி போடுவது நல்லது.

இப்போது நான் முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். ஒரு பலகையின் அறுத்த முனையை வெயிலில் பிடித்து உற்றுப் பாருங்கள். ஊசி முனையளவுத் துளைகள் நெருக்கமாக இருக்கும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய் அவை. மரம் செத்தாலும் அந்தக் குழாய்கள் உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. பிரைமரை அங்கே ஒருமுறை தடவினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரப் பளபளப்பு மறைந்து மங்கிவிடும். உடனே இன்னொரு கை, அது மங்கினால் மூன்றாவது கை. பளபளப்பு மறையாமல் நிற்கும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். கீழ் விளிம்புக்குப் பிரஷ் போகவில்லை என்றால் ஒரு தகட்டில் பிரைமர் ஊற்றி, பழைய பிரஷ்ஷை வளைத்துக் கீழிருந்து மேலாகக் குத்திக் குத்திப் பூசுங்கள். கதவின் அடி விளிம்பையும் தலை விளிம்பையும் பூச வேண்டும் என்றால் கதவைக் கழற்றியாக வேண்டும். கழற்றுங்கள். மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவதற்கு முக்கியக் காரணமே யாரும் தொடாத அந்த அடி விளிம்புதான்.

பிரைமரும் லப்பமும்

உட் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள், எண்ணெய் வகை. சுவருக்கு அடிக்கும் சிமென்ட் பிரைமர் மரத்துக்கு ஆகாது. டின்னில் சொன்ன அளவுக்கு மட்டும் டர்பன்டைன் கலந்து, மர ரேகை வழியாகவே இழுத்து அடியுங்கள். இரண்டு பலகை ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் முதலில் இடுக்கை நிரப்பி, பிறகு முகத்துக்கு வாருங்கள். ஓர் இரவு காயட்டும்.

லப்பம் வைப்பது பிரைமருக்குப் பிறகுதான். வெறும் மரத்தில் வைத்தால் லப்பத்தில் உள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும், லப்பம் தூளாகி உதிரும். ஆணித் துளைக்கும் சின்ன வெடிப்புக்கும் மட்டும் வையுங்கள். பலகை முழுக்க இழுத்துச் சமமாக்குவது வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அழகு, வெளியே வெயிலில் அது பாளம் பாளமாகக் கழன்றுவிடும். சுவருக்குப் பூசும் வெள்ளை சிமென்ட் பட்டியை மரத்தில் வைக்கவே கூடாது. லப்பம் காய்ந்ததும் 180-ஆம் நம்பரில் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் பிரைமரைத் தொட்டுவிடுங்கள்.

பிரைமர், லப்பம் வேலையில் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) பட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டிய துணியில் சூடு வெளியே போக வழியில்லாமல் தீப்பிடித்துவிடும். வெயிலில் விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

இனாமலா, எமல்ஷனா

கடையில் போய் நின்றதும் “கதவுக்கா அண்ணா? இனாமல் வாங்கிக்கோங்க” என்பார்கள். வீட்டுக் கதவுக்குச் சரி. ஆனால் நாள் முழுக்க வெயில் தின்னும் பலகைக்கு என் ஓட்டு வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷனுக்குத்தான். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இனாமல் காயக் காய இறுகிக்கொண்டே போகும், சில வருடத்தில் மரத்தோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கும். அக்ரிலிக் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், உள்ளே மாட்டிய ஈரத்தையும் மெல்ல வெளியே விடும். மரத்துக்கும் ஆகும் என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உட்சுவர் எமல்ஷன் வேண்டாம். கதவு நிலை, தாழ்ப்பாள் சட்டம், ஜன்னல் கம்பி போன்று கை அடிக்கடி படும் இடங்களுக்கு இனாமல் போடலாம். எண்ணெய் பிரைமர் நன்றாகக் காய்ந்திருந்தால் அதன் மேல் அக்ரிலிக் தாராளமாக நிற்கும்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் கரும்பச்சையும் கரும்பழுப்பும் மேற்கு வெயிலில் மரத்தை நன்றாகச் சூடாக்கும், கணுப் பிசின் கசியும், வெடிப்பும் சீக்கிரம் வரும். இளம் நிறங்கள் கூடுதல் காலம் நிற்கும்.

அளவுக் கணக்கு: எட்டு அடி நீளம், ஆறு அடி அகலம், ஏழு அடி உயரக் கொட்டகைக்குச் சுற்றளவு 28 அடி. ஏழால் பெருக்கினால் 196 சதுர அடி, சுமாராக 18 சதுர மீட்டர். கதவைக் கழிக்க வேண்டாம், ஓரங்களுக்கு அது சரியாகிவிடும். ஒரு லிட்டர் ஒரு கைக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்று வைத்தால், இரண்டு கைக்கு 3.6 லிட்டர். நாலு லிட்டர் டின் ஒன்று போதும். ரம்பத்தில் அறுத்தபடியே இழைக்காமல் விட்ட பலகை என்றால் கால் பங்கு கூடக் குடிக்கும், ஒரு லிட்டர் சேர்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே பேட்ச் நம்பரில் வாங்கினால் நிறம் மாறாது.

அடிக்கும் முறை

பிரஷ்ஷில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவு பிரஷ் கொட்டும் முடியைப் பொறுக்குவதிலேயே நாள் போய்விடும். பலகைக்கு நாலு அங்குலம், இடுக்குக்கு ஒன்றரை அங்குலம் போதும். அக்ரிலிக்குக்கு நைலான் முடி, இனாமலுக்குப் பன்றி முடி.

டின்னைக் குலுக்காமல் குச்சியால் அடிவரை கிளறுங்கள். அடியில் படிந்திருப்பதுதான் நிறம். தேவையான அளவை ஒரு சின்ன டப்பாவில், பழைய மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை நேராகப் பெரிய டின்னில் முக்கினால் மண்ணும் தூசியும் மொத்தப் பெயிண்டிலும் சேர்ந்துவிடும். அக்ரிலிக்கில் தண்ணீர் கலக்க வேண்டியிருந்தால் குடிக்கிற தண்ணீர்தான், அதுவும் டின்னில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு கூட வேண்டாம்.

வெயிலுக்குப் பின்னாலேயே போங்கள். காலையில் மேற்குப் பக்கம், மத்தியானத்துக்கு மேல் கிழக்குப் பக்கம் என்று, எப்போதும் நிழலில் இருக்கும் சுவரில் வேலை செய்ய வேண்டும். கை வைத்தால் சுடும் பலகையில் அடித்தால் மேல்தோல் மட்டும் சட்டென்று காய்ந்து, உள்ளே மாட்டிய ஆவி கொப்புளமாகக் கிளம்பும்.

மேலிருந்து கீழே வாருங்கள். ஒரு பலகையை ஒரு முனையில் ஆரம்பித்தால் மறு முனைவரை நிறுத்தாமல் போய்விடுங்கள். நடுவில் நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் அந்த இடத்தில் கோடு விழும். முதல் கை மெல்லியதாக இருக்கட்டும், மரம் கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை. அக்ரிலிக் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமலும், இனாமல் என்றால் ஓர் இரவும் விட்டு, 220-ஆம் நம்பரில் லேசாகத் தடவித் துடைத்து, இரண்டாவது கை கொடுங்கள். அறுத்த முனைகளுக்கும் கீழ் விளிம்புக்கும் மட்டும் மூன்றாவது கை உண்டு.

கதவை மாட்டியதும் மூடிப் பூட்டாதீர்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல இருக்கும், மூடினால் நிலையோடு ஒட்டிக்கொண்டு பெயிண்டைப் பிய்க்கும். இரண்டு மூன்று நாள் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வையுங்கள். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் யானை வரும் ஊர்களில் இதைச் சாக்காக வைத்து ராகி மூட்டையை உள்ளே இறக்கிவிடாதீர்கள். வாசனை பிடித்து வரும் யானைக்கு மரச் சுவர் ஒரு தடையே இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை

கார்த்திகை மழை விட்டதும் அதே ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு சுற்று வாருங்கள். கல் மேல் மண் குழாய் ஏறியிருக்கிறதா, கீழ்ப் பலகையில் எங்காவது பெயிண்ட் உப்பியிருக்கிறதா, மேற்கு முகத்தில் முடி போன்ற வெடிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு மட்டும் என்றால் அந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் தொட்டு, இரண்டு கை கொடுத்தால் தீர்ந்தது. உப்பியிருந்தால் உள்ளே எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. கூரை ஆணியில் ஒழுகுகிறதா, மண் மேடு ஏறிப் பலகையைத் தொடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்தபின்தான் பெயிண்டைத் தொட வேண்டும்.

இதற்காகவே மிச்சப் பெயிண்டில் அரை லிட்டராவது எடுத்து வையுங்கள். பெரிய டின்னில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்றில் ஏடு கட்டிவிடும். சின்ன டப்பாவில் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடி, மேலே நிறத்தின் பெயரும் நம்பரும் அடித்த மாதமும் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிரஷ் கழுவிய டர்பன்டைனை வாய்க்காலிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் மூடி வைத்தால் நான்கைந்து நாளில் கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறை பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளலாம்.